‘வழிதப்பித் திரிந்து’: ஏசாயா 53:6-ஐ எபிரெயச் சொற்களோடு படிக்கத் தொடங்குவோருக்கு

தேவனை விட்டு விலகிப்போதலைப் பற்றி வேதாகமத்தில் எத்தனையோ வசனங்கள் இருந்தாலும், எபிரெயச் சொற்களை முதன்முதலாக ஆராய விரும்புகிறவருக்கு நான் ஏசாயா 53:6-ஐயே எடுத்துக்கொடுப்பேன். அது எபிரெயத்தில் 12 சொற்களே கொண்டது. அவற்றுள் வினைகள் மூன்றுதான். அம்மூன்றும் வேதாகமத்தின் பிற பகுதிகளில் ஆடுமாடு, வழிப்பயணம், எதிர்ப்படுதல் போன்ற சாதாரணச் சூழல்களில் வருகிறவை. எபிரெய எழுத்துகளை வாசிக்கத் தெரியாதவரும் இந்த முறையைப் பின்பற்றலாம். ஒரு குறிப்பேடும் சில மணி நேரப் பொறுமையும் இருந்தால் போதும்.

பழைய மொழிபெயர்ப்பில் வசனம் இப்படி இருக்கிறது: “நாமெல்லாரும் ஆடுகளைப்போல வழிதப்பித் திரிந்து, அவனவன் தன்தன் வழியிலே போனோம்; கர்த்தரோ நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல் விழப்பண்ணினார்.”

கையில் வைத்திருக்க வேண்டியவை

முதலாவது, நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு. 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய திருப்புதல் மூலத்தின் அமைப்பை மிக நெருங்கிப் பின்பற்றுவதால் இந்த வேலைக்கு அதுவே வசதி. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, எபிரெயச் சொல் ஒவ்வொன்றின் கீழும் அதன் பொருளும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும் இடைவரிப் பதிப்பு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்றாவது, அந்த எண்ணைக் கொண்டு ஒரு சொல் வேதாகமம் முழுவதிலும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு. அந்த எண்கள் ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவிலிருந்து வந்தவை. பழைய ஏற்பாட்டுச் சொற்களுக்கு அவர் 1 முதல் 8674 வரை எண் கொடுத்தார். அகராதியை நான்காவதாகத்தான் சொல்வேன். புதியவர்கள் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள், பெரும்பாலான தவறுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதற்படி: சொற்களை வரிசையாக எழுதுதல்

வசனத்தின் சொற்களை அவற்றின் எண்களோடு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் ஒலி இவ்வாறு அமையும்:

குல்லானு (3605) – நாமெல்லாரும்
கட்ஸோன் (6629) – மந்தையைப்போல
தாஈனு (8582) – வழிதப்பித் திரிந்தோம்
ஈஷ் (376) – அவனவன்
லெதர்கோ (1870) – தன் வழிக்கு
பானீனு (6437) – திரும்பினோம்
வாதோனாய் (3068) – கர்த்தரோ
ஹிஃப்கீஆ (6293) – விழப்பண்ணினார்
போ – அவர்மேல்
எத் (853) – ‘ஐ’ உருபு போன்றது
அவோன் (5771) – அக்கிரமம்
குல்லானு (3605) – நம்மெல்லாருடைய

ஏழாவது சொல்லில் உண்மையில் எழுதப்பட்டிருப்பது யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு எழுத்துகளாலான தேவ நாமம். யூதர்கள் வாசிக்கும்போது அதை உச்சரிக்காமல் ‘அதோனாய்’, அதாவது ஆண்டவர் என்று வாசிக்கும் வழக்கமே தமிழில் ‘கர்த்தர்’ என்று வந்தது.

இந்தப் பட்டியலை எழுதி முடித்தவுடனே ஒன்று கண்ணில் படும். முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் ஒன்றே. ‘குல்லானு’ என்று தொடங்கிய வசனம் ‘குல்லானு’ என்றே முடிகிறது: திரிந்தவர்கள் எல்லாரும், யாருடைய அக்கிரமம் சுமத்தப்பட்டதோ அவர்களும் எல்லாரும். தமிழில் வினைமுற்று கடைசியில் வரவேண்டியிருப்பதால் ‘நம்மெல்லாருடைய’ என்பது நடுவுக்கு நகர்ந்துவிட்டது. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று, மொழியின் இயல்பு. இப்படிப்பட்டவற்றைக் காணத்தான் வரிசையாக எழுதச் சொல்கிறேன்.

இங்கே தமிழ் கூடுதலாகச் சொல்லும் செய்தியும் ஒன்று உண்டு. ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு எபிரெயத்தில் இல்லை. ‘-னு’ என்னும் விகுதி இரண்டுக்கும் பொது. கேட்பவரையும் உட்படுத்தும் ‘நாம்’ என்பதைத் தேர்ந்தது தமிழ் மொழிபெயர்ப்பாளரின் முடிவு. நல்ல முடிவுதான், ஆனாலும் அது முடிவு என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒலியை நம்பாமல் எண்ணை நம்புதல்

தமிழில் எழுதிவைத்த ஒலியை வைத்துக்கொண்டு சொல்லைத் தேடக்கூடாது. எபிரெயத்தில் தாலேத் வேறு, தாவ் வேறு, தேத் வேறு. தமிழில் மூன்றையும் ‘த’ என்றே எழுத நேர்கிறது. ‘அயின்’ என்னும் எழுத்து தொண்டையின் அடியில் பிறக்கும் மெய்யொலி. ‘ஆலெஃப்’ அதைவிட மெல்லியது. தமிழில் இரண்டும் உயிரெழுத்தாகவே தெரியும். இதனால் விளையும் குழப்பத்துக்கு நம் வசனத்திலேயே சான்று இருக்கிறது. ‘அவோன்’ (5771) அயினில் தொடங்குவது. ‘ஆவென்’ (205) ஆலெஃபில் தொடங்குவது. பின்னதும் தீமை, அநியாயம் என்ற பொருளுடையதாதலால், இரண்டையும் ஒரே சொல் என்று எண்ணி விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. எண்ணைப் பார்த்தால் அந்த மயக்கம் வராது.

மூன்றாம் படி: சொல்லின் வடிவத்தைப் பார்த்தல்

சொல் இங்கே எந்த வடிவத்தில் நிற்கிறது என்று அறியாமல் அகராதிக்குள் நுழைவது வீண் வேலை. தமிழ் இலக்கணம் சிறிதளவு நினைவிருப்பவருக்கு இந்தப் படி எளிது, ஏனெனில் எபிரெய வினையும் தமிழ் வினையைப் போலவே ஈற்றில் இடத்தைக் காட்டுகிறது. ‘திரிந்தோம்’ என்பதில் ‘-ஓம்’ செய்கிற வேலையைத் ‘தாஈனு’, ‘பானீனு’ என்பவற்றில் ‘-னு’ செய்கிறது. பழைய மொழிபெயர்ப்பு முதல் வினையைத் ‘திரிந்து’ என்று எச்சமாக்கி ஒரே வாக்கியமாகக் கோத்திருக்கிறது; மூலத்தில் இரண்டும் தனித்தனி முற்றுவினைகள்.

‘ஹிஃப்கீஆ’ என்பது எபிரெய இலக்கணத்தில் ‘ஹிஃபில்’ எனப்படும் வடிவம். ‘திருந்து – திருத்து’, ‘விழு – விழப்பண்ணு’ என்ற வேறுபாட்டை அறிந்த நமக்கு அதைப் ‘பிறவினை’ என்று சொன்னாலே பாதி விளங்கிவிடும். ‘எத்’ என்பது அடுத்து வருவது செயப்படுபொருள் என்று காட்டும் குறி. ‘அக்கிரமத்தையும்’ என்பதிலுள்ள ‘ஐ’ உருபைப் போன்றது.

இன்னும் ஒன்று. எபிரெயக் கதைநடையில் பெரும்பாலும் வினை முன்னும் எழுவாய் பின்னும் வரும். இரண்டாம் பாதியிலோ தேவ நாமம் வினைக்கு முன்னால் நிற்கிறது. அதனால் ‘நாம் இப்படிச் செய்தோம், அவரோ இப்படிச் செய்தார்’ என்ற எதிர்நிலை தோன்றுகிறது. ‘கர்த்தரோ’ என்பதில் உள்ள ஓர் ‘ஓ’காரத்தால் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் அரைப்புள்ளி இட்டிருக்கும் இடமும், எபிரெய மரபில் வசனத்தை இரண்டாகப் பிரிக்கும் குறி விழும் இடமும் ஒன்றே.

நான்காம் படி: ‘தாஆ’ நடமாடும் இடங்களுக்குப் போதல்

நேரம் முழுவதையும் செலவிட வேண்டிய படி இதுதான். ‘தாஈனு’ என்பதன் அடிச்சொல் ‘தாஆ’ (8582). அது பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 50 முறை வருகிறது; ஒரே அமர்வில் அனைத்தையும் படித்துவிடலாம். படிக்கும்போது ஒவ்வோரிடத்திலும் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: வழிதப்புவது யார், எதிலிருந்து தப்புகிறார், அது அறிந்து செய்ததா, அறியாமல் நேர்ந்ததா?

ஆதியாகமம் 21:14-இல் ஆகார் பெயெர்செபாவின் வனாந்தரத்திலே அலைந்து திரிகிறாள். அங்கே பாவம் என்ற பேச்சே இல்லை, தண்ணீரும் வழியும் இல்லாத ஒரு தாயின் தவிப்பு இருக்கிறது. ஆதியாகமம் 37:15-இல் சகோதரரைத் தேடிப் போன யோசேப்பு வெளியிலே வழிதெரியாமல் திரிகிறபோது ஒரு மனிதன் அவனைக் கண்டு, என்ன தேடுகிறாய் என்று கேட்கிறான். ஏசாயா 28:7-இல் ஆசாரியனும் தீர்க்கதரிசியும் மதுவினால் தள்ளாடுகிறார்கள். சங்கீதம் 95:10-இல் திரிவது கால் அல்ல, இருதயம். எசேக்கியேல் 44:10-இலோ இஸ்ரவேலர் தேவனை விட்டு விக்கிரகங்களைப் பின்பற்றி ‘தாஆ’ செய்தார்கள். அதை அறியாமற்செய்த தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் சொல்லின் அடிப்படைப் படம் தெளிவாகிறது: திசையை இழந்து, நிலையான வழியில்லாமல் அலைதல். குற்றமா அல்லவா என்பதைச் சொல் தன்னளவில் சொல்வதில்லை, சூழலே சொல்கிறது. எனவே ‘தாஆ என்றால் அறியாமல் தவறுதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் விளக்கத்தையும், ‘தாஆ என்றால் கலகம் செய்தல்’ என்னும் விளக்கத்தையும் ஒருசேர ஐயத்தோடு பாருங்கள்.

நம் வசனத்துக்கு மிக நெருக்கமான உறவுடையது சங்கீதம் 119:176: “காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன்.” வினை அதே ‘தாஆ’. ஆனால் ஆட்டைக் குறிக்கும் சொல் வேறு. அங்கே ‘ஸே’, அதாவது ஒற்றை ஆடு; ஏசாயாவில் ‘ட்ஸோன்’, வெள்ளாடும் செம்மறியும் கலந்த மந்தை முழுவதற்குமான தொகுதிப்பெயர். தமிழில் ‘ஆடுகளைப்போல’ என்று பன்மையில் வாசிக்கும்போது தனித்தனி ஆடுகள் பலவாகத் தோன்றுகின்றன; எபிரெயத்தில் மந்தையே ஒன்றாக வழிதவறுகிறது. அடுத்த வசனமாகிய 53:7-இல் அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுவது மறுபடியும் ‘ஸே’, ஒற்றை ஆட்டுக்குட்டி. ஆறாம் வசனத்தில் மந்தை, ஏழாம் வசனத்தில் ஒன்று. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: ஒரே தமிழ்ச்சொல்லின் பின்னால் மறைந்திருப்பவற்றைப் பிரித்தல்

தமிழில் ‘வழிதப்பி’ என்று வருமிடமெல்லாம் எபிரெயத்தில் ‘தாஆ’ இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. சங்கீதம் 119-ஐயே எடுத்துக்கொள்வோம். “நான் உபத்திரவப்படுவதற்குமுன் வழிதப்பி நடந்தேன்” என்னும் 67-ஆம் வசனத்தில் இருப்பது ‘ஷாகக்’ (7683). 10-ஆம் வசனத்தில் ‘வழிதப்பவிடாதேயும்’ என்பதில் இருப்பது அதன் உறவாகிய ‘ஷாகா’ (7686). 176-ஆம் வசனத்தில்தான் ‘தாஆ’. ஷாகக் குடும்பத்துச் சொல்லே லேவியராகமம் 4-ஆம் அதிகாரத்தில் அறியாமையினால் செய்த பாவத்துக்கான பலிச் சட்டங்களில் வருகிறது. யாத்திராகமம் 32:8-இல் கன்றுக்குட்டியைச் செய்தவர்கள் வழியை விட்டு ‘விலகினார்கள்’ என்பதற்கு ‘சூர்’ என்ற வேறொரு வினை.

எதிர்மாறான மறைவும் உண்டு. புதிய ஏற்பாட்டில் 1 பேதுரு 2:25 நம் வசனத்தின் எதிரொலி. “சிதறுண்ட ஆடுகளைப்போலிருந்தீர்கள்” என்று தமிழில் இருப்பதால் அந்தத் தொடர்பு எளிதில் தெரிவதில்லை. ஏசாயாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘தாஆ’வுக்கு நிற்கும் அதே கிரேக்க வினையைத்தான் பேதுருவின் நிருபமும் ஆளுகிறது.

‘அக்கிரமம்’ என்ற சொல்லிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 53:5-இல் ‘மீறுதல்கள்’ என்பது ‘பேஷா’, ‘அக்கிரமங்கள்’ என்பது ‘அவோன்’. 53:12-இல் ‘அக்கிரமக்காரர்’ என்று வருவதோ ‘பேஷா’வின் குடும்பத்தைச் சேர்ந்தது, ‘அவோன்’ அன்று. தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைச் சேர்த்துப் பேசினால் மூலத்தில் இல்லாத ஓர் இணைப்பை உருவாக்கியவராவோம்.

ஆறாம் படி: மற்ற இரண்டு வினைகள்

‘பானீனு’வின் அடிச்சொல் ‘பானா’ (6437), திரும்புதல். முகத்தைக் குறிக்கும் ‘பானீம்’ அதன் உறவுச்சொல். பழைய மொழிபெயர்ப்பின் ‘போனோம்’ இங்கே சற்று வெளிறியிருக்கிறது: மூலத்தில் நடப்பதற்கு முன்பாகவே ஒரு முகத்திருப்பம் நிகழ்ந்துவிடுகிறது, ‘அவனவன் தன் வழிக்கு முகந்திருப்பினோம்’. இந்த வினையை ஏசாயா 45:22-இலும் காண்கிறோம்: “பூமியின் எல்லையெங்குமுள்ளவர்களே, என்னை நோக்கிப்பாருங்கள்.” அந்த ‘நோக்கிப்பாருங்கள்’ இதே ‘பானா’. ஏசாயா 56:11-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ‘எல்லாரும்’, ‘தங்கள் வழிக்கு’, ‘திரும்பினார்கள்’ என்னும் மூன்று சொற்களும் ஏறக்குறைய அப்படியே வருகின்றன. ஆனால் அங்கே திரும்பியவர்கள் ஆடுகள் அல்லர், மேய்ப்பர்கள்.

‘தெரெக்’, அதாவது வழி, ஏறக்குறைய 700 முறை வருகிற சொல். அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. ‘தன்’ என்னும் விகுதிதான் இங்கே முக்கியம்.

‘ஹிஃப்கீஆ’ சுவையானது. அடிச்சொல் ‘பாகா’ (6293), எதிர்ப்படுதல். தன்வினையில் அது பலவிதமாக நடமாடுகிறது: ஆதியாகமம் 32:1-இல் தேவதூதர்கள் யாக்கோபைச் சந்திக்கிறார்கள், ரூத் 1:16-இல் ‘என்னோடே பேசவேண்டாம்’ என்று ரூத் நகோமியைத் தடுப்பதும் இதே சொல்லால், வற்புறுத்தவேண்டாம் என்ற பொருளில், 1 இராஜாக்கள் 2:25-இல் பெனாயா அதோனியாவின்மேல் விழுந்து அவனைக் கொல்கிறான். இந்தக் கடைசி இடத்தில் வினையோடு ‘போ’ என்ற அதே சொல் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். சந்தித்தல், மன்றாடல், தாக்குதல் ஆகிய மூன்றும் ஒரு சொல்லின் மூன்று முகங்கள்.

பிறவினை வடிவத்தில் அது 6 இடங்களில் மட்டுமே வருகிறது. எரேமியா 36:25-இல் சுருளை எரிக்கவேண்டாம் என்று ராஜாவிடம் விண்ணப்பம்பண்ணுகிறார்கள். ஏசாயா 53:12-இல் அக்கிரமக்காரருக்காக வேண்டிக்கொள்ளுதல். அப்படியானால் 53:6-லும் ‘வேண்டிக்கொண்டார்’ என்று கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. இங்கே ‘எத் அவோன்’ என்று செயப்படுபொருள் வெளிப்படையாக நிற்கிறது: அக்கிரமத்தை அவர்மேல் எதிர்ப்படச் செய்தார். ‘விழப்பண்ணினார்’ என்பது அந்த மோதலையும் பிறவினையையும் ஒருங்கே காத்திருக்கிறது. திருவிவிலியத்தின் ‘சுமத்தினார்’ தெளிவானது, ஆனால் மோதல் அதில் மறைகிறது. ஒரே அதிகாரத்தில், ஆறு வசன இடைவெளியில், அதே வினையின் அதே பிறவினை வடிவம் முதலில் விழப்பண்ணுதலாகவும் கடைசியில் வேண்டிக்கொள்ளுதலாகவும் வருவது தற்செயல் அன்று என்பது என் எண்ணம்.

சொல்லடைவு தரும் பரிசு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யாத்திராகமம் 23:4-இல், உன் சத்துருவின் மாடோ கழுதையோ வழிதப்பித் திரிகிறபோது நீ எதிர்ப்பட்டால் அதைத் திரும்பக் கொண்டுபோய் அவனிடத்தில் விடவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. அங்கே எதிர்ப்படுதல் ‘பாகா’, வழிதப்புதல் ‘தாஆ’. நம் வசனத்தின் இரண்டு வினைகளும் ஒரு மாட்டைப் பற்றிய சட்டத்தில் சேர்ந்து நிற்கின்றன. ஏசாயா அந்தச் சட்டத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. கால்நடை வளர்த்த மக்களின் வழக்குச் சொற்கள் இவை என்பது மட்டும் உறுதி.

ஏழாம் படி: ‘அவோன்’ என்னும் சொல்லும் வேர்ப்பொருள் மோகமும்

‘அவோன்’ என்பதை வளைதல், கோணுதல் என்னும் பொருளுடைய ‘ஆவா’ என்ற வினையோடு இணைத்துச் சொல்வது வழக்கம். தமிழிலும் ‘கோட்டம்’ என்பது வளைவையும் நேர்மையின்மையையும் குறிக்கும். ‘செங்கோல்’, ‘கொடுங்கோல்’ என்று ஆட்சியையே நேராகவும் வளைவாகவும் பேசுகிறோம். எனவே இந்த விளக்கம் நமக்கு உடனே பிடித்துவிடுகிறது. நானும் நெடுநாள் ‘அவோன் என்றால் கோணல்’ என்றே சொல்லி வந்தேன். ஆனால் கொடுங்கோலன் என்று சொல்லும்போது யாரும் வளைந்த கோலைக் கண்முன் காண்பதில்லை. அதுபோல ‘அவோன்’ என்று சொன்ன ஒவ்வோர் எபிரெயரும் கோணலை நினைத்தார் என்று கொள்ள முடியாது. வேர் ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்லலாம், அதன் வழக்கைச் சொல்லாது.

வழக்கைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஆதியாகமம் 4:13-இல் காயீன், “எனக்கு இட்ட தண்டனை என்னால் சகிக்க முடியாது” என்கிறான். அங்கே ‘தண்டனை’ என்று தமிழில் வந்திருப்பது ‘அவோன்’. குற்றம், குற்றத்தினால் வரும் பழி, அதன் விளைவாகிய தண்டனை ஆகிய மூன்றையும் ஒரு சொல்லே தாங்குகிறது. 53:6-இல் அவர்மேல் விழுந்தது குற்றமா தண்டனையா என்று வாதிடுகிறவர்கள், எபிரெயம் அந்த இரண்டையும் பிரித்து வைக்கவில்லை என்பதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

எட்டாம் படி: சொந்த வேலை மொழிபெயர்ப்பு எழுதுதல்

இப்போது குறிப்புகளை மூடிவைத்துவிட்டு வசனத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். என் குறிப்பேட்டில் இருப்பது இது: ‘நாமெல்லாரும் மந்தையைப்போலத் திசைகெட்டு அலைந்தோம், அவனவன் தன் வழிக்கே முகந்திருப்பினோம், கர்த்தரோ அவர்மேல் மோதச் செய்தார், அக்கிரமத்தையும் அதன் பழியையும், நம் எல்லாருடையதையும்.’ இது ஆலயத்தில் வாசிப்பதற்கானது அன்று. பழைய மொழிபெயர்ப்பின் ஓசை இதில் இல்லை. எதைக் கண்டுகொண்டோம், எதைத் தவறவிட்டோம் என்று சரிபார்க்கவே இது பயன்படும்.

சொல்லாராய்ச்சியின் எல்லையும் இந்த வசனத்திலேயே இருக்கிறது. ‘போ’ என்னும் சிறு சொல்லுக்கு ‘அவர்மேல்’ என்பதைத் தவிர அகராதி வேறொன்றும் சொல்லாது. அந்த ‘அவர்’ யார் என்று எத்தியோப்பிய மந்திரி அப்போஸ்தலர் 8:34-இல் பிலிப்புவிடம் கேட்டான். கிறிஸ்தவர்கள் இயேசு கிறிஸ்து என்கிறார்கள். ராஷி முதலான யூத உரையாசிரியர்கள் இஸ்ரவேல் மக்களைக் குறிப்பதாகக் கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு ஸ்ட்ராங் எண் இல்லை.

தனியே பயிற்சி செய்ய விரும்புகிறவர் அடுத்ததாக எரேமியா 50:6-ஐ எடுத்துக்கொள்ளலாம். மந்தையைக் குறிக்கும் ‘ட்ஸோன்’ அங்கேயும் உண்டு. சங்கீதம் 119:176-இல் ‘காணாமற்போன’ என்பதற்கு நிற்கும் வினையும் உண்டு. ‘தாஆ’வும் உண்டு, ஆனால் இம்முறை ஹிஃபில் வடிவத்தில். வழிதப்பச் செய்தவர்கள் யார் என்று அந்த வினையின் எழுவாயைத் தேடிப் பார்த்து, பிறகு ஏசாயா 56:11-ஐ அதன் அருகில் வைத்துப் படியுங்கள்.